படிப்பும் பட்டறையும் ஒன்றாக: ஒரு படித்தண்டைக் கடைந்து உற்பத்தி முறைகளைக் கற்பது எப்படி?

உற்பத்தி முறைகளைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு விதமான திணறல் வருகிறது. வெட்டு வேகத்துக்கான சூத்திரத்தை ஒப்பிக்கத் தெரியும், லேத்தின் (கடைசல் இயந்திரம்) முன் நின்றால் எந்த கியரைப் போடுவது என்று தெரியாது. அல்லது கை பழகியிருக்கும், ஆனால் ஒரு கட் ஏன் அதிர்கிறது, அளவு ஏன் மாறுகிறது என்று சொல்ல வராது. இரண்டையும் தீர்க்க ஒரே வழி, ஒரு பாகத்தை எடுத்து, தாளில் கணக்குப் போட்டு, மெஷினில் செய்து, கணக்கும் மெஷினும் எங்கே வேறுபட்டன என்று பார்ப்பது.

இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் பாகம் மூன்று படிகள் கொண்ட ஒரு தண்டு. மொத்த நீளம் 100 மி.மீ. ஒரு முனையில் 20 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம். நடுவில் 30 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம். மறுமுனை 30 மி.மீ. நீளத்துக்கு எம்16 (16 மி.மீ. விட்ட) மரை, அதன் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு முகடுகளின் இடைவெளி) 2 மி.மீ. மரை முடியும் இடத்தில் 4 மி.மீ. அகலத்தில் 13 மி.மீ. விட்டத்துக்கு ஓர் அண்டர்கட் (சுற்றுப் பள்ளம்). 20 மி.மீ. விட்டத்துக்கு அனுமதி 20.00 முதல் 19.95 வரை. மூன்று படிகளும் ஒரே மையத்தில் ஓட வேண்டும். ஃபேசிங் (முனை முகத்தைச் சமமாக்குதல்), டர்னிங் (விட்டத்தைக் கடைதல்), பள்ளம் வெட்டுதல், மரை வெட்டுதல், அளத்தல் எல்லாம் இந்த ஒரு பாகத்துக்குள் வந்துவிடுகின்றன.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

மூலப்பொருள்: 32 மி.மீ. விட்டமுள்ள மைல்ட் ஸ்டீல் உருளை, 106 மி.மீ. நீளத்துக்கு அறுத்த மூன்று துண்டுகள். ஒன்று போதாது. முதல் துண்டில் ஏதாவது ஒரு படியில் அளவு போகும், அதை மனத்தில் வைத்தே மூன்று.

வெட்டுவதற்கு: எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூல் பிட் மூன்று (டர்னிங், பள்ளம், மரை), 2.5 மி.மீ. சென்டர் டிரில், கட்டிங் ஆயில் அல்லது கூலன்ட், அரம்.

அளக்க: 150 மி.மீ. வெர்னியர் காலிப்பர், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், காந்த ஸ்டாண்டுடன் டயல் கேஜ், 60 டிகிரி மரை கேஜ், ஸ்டீல் ஸ்கேல், சரியான ஓர் எம்16 நட்டு.

பிடிக்க: மூன்று தாடை சக், டிரில் சக், டெயில் ஸ்டாக்குக்கு (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) ஒரு சுழலும் சென்டர் (கூம்பு முனை), லேத் கேரியர் (தண்டில் இறுக்கி அதைச் சுழற்ற உதவும் வளையம்), செம்புத் தகடு ஒரு துண்டு.

உடலுக்கு: கண்ணாடி, மூடிய காலணி, முழங்கைக்கு மேல் மடித்த சட்டைக் கை. ஓடும் லேத்தில் கையுறை போடவே கூடாது. கையுறை சுருளில் சிக்கினால் துணி கிழியாது, கைதான் உள்ளே போகும். மோதிரம், கடிகாரம், கயிறு எதுவும் வேண்டாம். சீவலைக் கொக்கியால் மட்டுமே இழுக்க வேண்டும், அதுவும் மெஷின் நின்ற பிறகு.

சக் சாவியைப் பற்றி ஒரே விதி: கை சாவியில் இருக்கும்வரைதான் சாவி சக்கில் இருக்கலாம். ஒரு நொடிகூட அதை அங்கேயே விட்டு நகரக்கூடாது. சுவிட்ச் போட்டால் அது எறிகுண்டாகிவிடும்.

2. வெட்டும் முன் அளக்கப் பழகுங்கள்

பலர் இதைத் தாண்டி நேராக சுவிட்சுக்குப் போகிறார்கள். பிறகு அளவு தவறும்போது மெஷின் தவறா, கை தவறா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது.

மைக்ரோமீட்டரின் இரு முகங்களையும் சுத்தமான காகிதத்தால் துடைத்து மூடிப் பாருங்கள். பூஜ்யம் காட்டவில்லையென்றால் அந்தப் பிழையைக் குறித்துவைத்து ஒவ்வோர் அளவிலும் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். ராட்செட்டை (கடைசி முனையில் உள்ள சிறு குமிழ்) பிடித்துத்தான் மூட வேண்டும். திம்பிளை (கோடுகள் உள்ள சுழலும் உறை) பிடித்துத் திருகினால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மாறும், அளவும் 0.01, 0.02 என்று மாறும்.

20 மி.மீ. அளவிலான ஒரு டிரில் ஷேங்கையோ பேரிங் ரோலரையோ எடுத்து, பத்து முறை அளந்து எழுதுங்கள். பத்து எண்களுக்கும் இடையே உள்ள விரிவுதான் உங்கள் கையின் நம்பகம். விரிவு 0.03 என்றால், 0.05 அனுமதியுள்ள பாகத்தை உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. 0.01-க்குள் வரும்வரை பழகுங்கள். சாதாரணமாக ஒரு மணி நேரம் போதும்.

வெர்னியர் நீளத்துக்கும் ரஃப் (முதற்கட்ட) அளவுக்கும் 30 மி.மீ. விட்டத்துக்கும். மைக்ரோமீட்டர் 20 மி.மீ. இறுதி விட்டத்துக்கு. இந்தப் பிரிவினையைக் கடைசிவரை மாற்ற வேண்டாம்.

3. வேலை வரிசையைத் தாளில் எழுதுங்கள்

படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த மையத்தை நம்பி எல்லாவற்றையும் வெட்டப் போகிறோம்?

மூன்று தாடை சக்கில் பிடித்து ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்தால் இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் இருக்காது. பழைய சக்குகளில் 0.1 மி.மீ. ஓட்டம் (மையம் விலகிச் சுற்றுதல்) சர்வ சாதாரணம். ஆகவே இந்தத் தண்டை இரண்டு சென்டர்களுக்கு நடுவே பிடிக்கிறோம். திருப்பினாலும் அதே இரண்டு குழிகள்தான் மையம்.

இரண்டாவது கேள்வி: எது கடைசியில்? எளிதில் காயப்படும் வடிவம் கடைசியில் வர வேண்டும். மரையை முதலில் வெட்டினால், மறுபக்கம் கடைய கேரியரை மரையின் மேல்தான் இறுக்க வேண்டியிருக்கும். மரை நசுங்கும். அதனால் 20 மி.மீ. பக்கம் முதலில், மரைப் பக்கம் பிறகு.

மூன்றாவது: ரஃப் எல்லாம் முடிந்த பிறகே ஃபினிஷ். குளிர்நிலையில் இழுத்த கம்பிகளின் மேல்தோலில் உள் இறுக்கம் இருக்கும். தோலை உரித்ததும் கம்பி லேசாக வளையும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் ரஃப் எடுத்தால், முடித்த பக்கத்தின் ஓட்டம் கெட்டுப்போகும்.

இதையெல்லாம் வைத்து வரிசை இப்படி அமைகிறது:

10 – ஒரு முகம் ஃபேசிங், சென்டர் டிரில்.
20 – திருப்பி, மறுமுகம் ஃபேசிங், நீளம் 100, சென்டர் டிரில்.
30 – சென்டர்களுக்கு நடுவே, 20 பக்கமும் நடுப்பகுதியும் ரஃப்.
40 – திருப்பி, மரைப் பக்கம் ரஃப். ஆற விடுதல்.
50 – மறுபடி திருப்பி, 30, 20 விட்டங்கள் ஃபினிஷ், சேம்பர் (ஓரச் சாய்வு).
60 – திருப்பி, செம்புத் தகடு வைத்துக் கேரியர். 15.8 விட்டம், அண்டர்கட், சேம்பர், மரை.
70 – ஆய்வு.

எண்களைப் பத்துப் பத்தாக விட்டு எழுதுவது, நடுவில் மறந்த வேலையைச் செருக இடம் வேண்டுமென்பதற்காக. ஒவ்வொரு வரிக்கும் எதிரே டூல், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்), ஆழம், அளக்கும் கருவி என்று ஐந்து கட்டங்கள் போட்டு, அவை நிரம்பும்வரை மெஷினைத் தொடாதீர்கள்.

4. கணக்கு: எந்த எண்ணும் ஊகமாக இருக்கக்கூடாது

சுழற்சி வேகம்: வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, 3.14 × விட்டத்தால் வகுக்க வேண்டும். எச்.எஸ்.எஸ். டூலால் மைல்ட் ஸ்டீலைக் கடைய நிமிடத்துக்கு 25 மீட்டர் நல்ல தொடக்கம். 32 மி.மீ. விட்டத்துக்கு 25000 ÷ 100.5 = சுமார் 249. லேத்தில் அந்த எண் இருக்காது. அதற்கு அடுத்த கீழ் வேகத்தை எடுங்கள். 20 மி.மீ. விட்டத்துக்கு 398, 16-க்கு 497.

இந்த மூன்று எண்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. விட்டம் குறையக் குறைய வேகத்தைக் கூட்ட வேண்டும். 32-இல் வைத்த வேகத்திலேயே 16 வரை கடைந்தால் வெட்டு வேகம் பாதியாகிவிடும், மேற்பரப்பு கிழிந்தது போல வரும். புதியவர்கள் டூலைக் குறை சொல்வார்கள், காரணம் கியர்.

ஃபீட்: ரஃபுக்குச் சுற்றுக்கு 0.2 மி.மீ., ஃபினிஷுக்கு 0.1. ஏன் 0.1? டூல் மூக்கின் ஆரம் 0.4 மி.மீ. என்று வையுங்கள். அது விட்டுச்செல்லும் வரிகளின் உயரம், ஃபீட்டின் இருமடியை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 0.2 ஃபீட்டுக்கு 0.0125 மி.மீ., 0.1-க்கு சுமார் 0.003. ஃபீட்டைப் பாதியாக்கினால் வரி உயரம் கால்பங்காகிறது. நகத்தால் வருடினாலே இந்த வித்தியாசம் தெரியும்.

ஆழம்: ரஃபுக்குப் பக்கத்துக்கு 1.5 மி.மீ. ஆழத்தை ஃபீட்டால் பெருக்கினால் சீவலின் குறுக்குவெட்டு, 0.3 சதுர மி.மீ. மைல்ட் ஸ்டீலை வெட்ட ஒரு சதுர மி.மீ.க்கு சுமார் 2000 நியூட்டன் தேவைப்படும். ஆக டூல் நுனியில் 600 நியூட்டன், கிட்டத்தட்ட ஒரு பெரிய ஆள் அந்த நுனியில் தொங்குகிற எடை. இதை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தோடு பெருக்கினால் 250 வாட். முக்கால் கிலோவாட் மோட்டார் தாங்கும். மோட்டார் அதைவிடச் சிறியதென்றால் ஆழத்தை 1 மி.மீ. ஆக்குங்கள்.

நேரம்: நீளத்தை, ஃபீட் × ஆர்.பி.எம். என்பதால் வகுங்கள். 70 மி.மீ. நீளம், 0.2 ஃபீட், 250 ஆர்.பி.எம். என்றால் 1.4 நிமிடம். கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். 2.8 நிமிடம் ஆனால் ஃபீட் லீவரைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

5. டூலைத் தீட்டுவதும் பொருத்துவதும்

டர்னிங் டூலுக்கு முன் இடைவெளிக் கோணம் 8 டிகிரி, பக்க இடைவெளி 8, பக்க ரேக் (சீவல் வழுக்கிச் செல்லும் மேல்முகச் சாய்வு) 12 முதல் 15. இடைவெளிக் கோணம் இல்லாவிட்டால் டூலின் கீழ்ப்பக்கம் ஜாபில் (கடையும் துண்டு) உரசும், வெட்டாது. ரேக் இல்லாவிட்டால் சீவல் வழுக்கி வெளியேறாமல் முட்டி நிற்கும், விசை ஏறும்.

தீட்டும்போது எச்.எஸ்.எஸ். பிட்டை அடிக்கடி தண்ணீரில் முக்கலாம். கார்பைடை முக்கினால் வெடிப்பு விழும். மூக்கைக் கடைசியில் எண்ணெய்க் கல்லில் லேசாக உருட்டுங்கள். ஊசி போன்ற மூக்கு முதல் கட்டிலேயே உடையும்.

டூல் போஸ்ட்டிலிருந்து டூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு, அதன் தண்டு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. நீட்டலை இரட்டிப்பாக்கினால் வளைவு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. அதிர்வுக்கான முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மைய உயரம்: மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, டூல் நுனிக்கும் ஜாபுக்கும் நடுவே மெதுவாக நெருக்குங்கள். ஸ்கேல் நேராக நின்றால் நுனி மையத்தில் இருக்கிறது. ஸ்கேலின் தலை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அடியில் ஷிம் வையுங்கள். தலை எதிர்ப்பக்கம் சாய்ந்தால் டூல் உயர்ந்திருக்கிறது. ஷிம்முக்குத் தகட்டுத் துண்டு போதும், ஆனால் டூலின் முழு நீளத்துக்கும் அடியில் இருக்க வேண்டும். நுனிக்குக் கீழே மட்டும் வைத்தால் கட் விழுந்ததும் டூல் தலை ஆட்டும்.

6. மின்சாரம் போடும் முன் மெஷினோடு அரை மணி

கிராஸ் ஸ்லைடு (டூலை ஜாபுக்குள் குறுக்காக நகர்த்தும் பகுதி) டயலில் ஒரு கோடு எவ்வளவு என்று படித்தால் மட்டும் போதாது. சில லேத்துகளில் 0.02 என்பது டூல் நகரும் தூரம். சிலவற்றில் விட்டத்தில் குறையும் அளவு. டயல் கேஜைக் கிராஸ் ஸ்லைடில் முட்டவைத்து டயலை ஒரு மி.மீ. திருப்புங்கள். கேஜ் 1.00 காட்டினால் டூல் தூரம், விட்டத்தில் 2 மி.மீ. குறையும். 0.50 காட்டினால் விட்டக் கணக்கு. இதைச் சோதிக்காமல் தொடங்கிய முதல் துண்டு பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும்.

அடுத்து பேக்லாஷ். கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பி, மறுபடி முன்னோக்கித் திருப்பும்போது டயல் ஓடும், ஸ்லைடு நகராது. அந்த வெற்று ஆட்டம் எத்தனை கோடு என்று பாருங்கள், கால் சுற்றுகூட இருக்கலாம். எப்போதும் ஒரே திசையில், உள்ளே போகும் திசையில், வந்து நிற்கும்படி அளவு வையுங்கள். அளவைத் தாண்டிவிட்டால் ஒரு கோடு மட்டும் பின்னால் வராதீர்கள். அரைச் சுற்றுக்கு மேல் பின்வாங்கி மறுபடி உள்ளே வாருங்கள்.

ஃபீட் லீவரை எப்படி விடுவிப்பது, மெஷினை எப்படி நிறுத்துவது, இரண்டையும் கண் பார்க்காமல் கை தேடிப் போகும்வரை பழகுங்கள். கேரேஜ் (டூலைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் பகுதி) சக்கை நோக்கி ஓடும்போது யோசிக்க நேரம் இருக்காது.

7. ஃபேசிங்கும் சென்டர் குழியும் (வேலை 10, 20)

துண்டைச் சக்கில் 30 மி.மீ. வெளியே விட்டுப் பிடியுங்கள். சுவிட்சுக்கு முன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, தாடை எங்கும் தட்டவில்லை என்று பாருங்கள்.

ஒரு பக்கத்தில் மொத்தம் 3 மி.மீ. எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 0.5 முதல் 1 வரை. கேரேஜைப் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் விசையில் அது பின்னால் தள்ளப்பட்டு முகம் குவிந்துவிடும். ஓரத்தில் பளபளப்பும் நடுவில் சொரசொரப்புமாக வருவது இயல்பு, நடுவில் விட்டம் பூஜ்யத்தை நெருங்குவதால் வெட்டு வேகமும் பூஜ்யமாகிறது.

நடுவில் சிறு முளை நின்றால் டூல் உயரம் தவறு. அதை அப்படியே விட்டுச் சென்டர் டிரில்லைச் செலுத்தினால் நுனி வழுகி முறியும். முறிந்த நுனி உள்ளே சிக்கினால் துண்டே வீண்.

சென்டர் டிரில்லுக்கு வேகத்தைக் கூட்டுங்கள், சுமார் 1000 ஆர்.பி.எம். முந்தைய 250-லேயே செலுத்துவதுதான் நுனி முறிய இன்னொரு காரணம். எண்ணெய் விட்டு, சிறிது செலுத்தி, பின்வாங்கிச் சீவலைத் துடைத்து, மறுபடி செலுத்துங்கள். 60 டிகிரி சாய்வின் வாய் சுமார் 5 மி.மீ. ஆனதும் நிறுத்துங்கள். சென்டர் உட்காருவது அந்தச் சாய்வில்தான், ஆழக் குழியில் அல்ல.

திருப்பிப் பிடித்து மறுமுகத்தில் 100 மி.மீ. நீளம் கொண்டுவந்து, அங்கும் குழி போடுங்கள்.

8. சென்டர்களுக்கு நடுவே ரஃப் (வேலை 30, 40)

சக்கைக் கழற்றி, கேரியரைச் சுற்றும் தட்டு மாட்டத் தேவையில்லை. ஒரு வேண்டாத கம்பித் துண்டைச் சக்கில் பிடித்து, காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைச் சாய்கோணத்தில் நகர்த்தும் மேல் ஸ்லைடு) 30 டிகிரி திருப்பி, 60 டிகிரி கூர்முனையாகக் கடையுங்கள். அங்கேயே கடைந்ததால் அதன் ஓட்டம் பூஜ்யம். வேலை முடியும்வரை அதைக் கழற்றாதீர்கள். கழற்றி மாட்டினால் மறுபடி ஒரு தடவை சீவ வேண்டும். கேரியரின் வாலைச் சக்கின் ஒரு தாடை தள்ளிச் சுற்றும்.

டெயில் ஸ்டாக்கை இறுக்கும் அளவு கைக்கணக்கு: ஜாபை முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் இருக்கக்கூடாது, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். கடையக் கடைய ஜாப் சூடாகி நீளும். இரண்டு கட்டுக்கு ஒருமுறை தளர்த்தி மறுபடி வையுங்கள்.

முதல் லேசான கட்டுக்குப் பிறகு, நீளத்தின் இரு கோடியிலும் விட்டத்தை அளந்து பாருங்கள். டெயில் ஸ்டாக் பக்கம் பெரிதாக இருந்தால், டெயில் ஸ்டாக் உங்களிடமிருந்து விலகி நிற்கிறது. உங்கள் பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்தும் தூரம் விட்ட வித்தியாசத்தில் பாதி. அளந்த இரு இடங்களுக்கு இடையே உள்ள தூரம் ஜாபின் நீளத்தைவிடக் குறைவென்றால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். இதை இப்போதே சரிசெய்யாமல் ஃபினிஷில் கண்டுபிடித்தால் எடுப்பதற்கு உலோகம் மிச்சமிருக்காது.

பிறகு நடுவை 31, ஒரு முனையை 21 என்று, விட்டத்தில் 1 மி.மீ. மிச்சம் வைத்து ரஃப் எடுங்கள். தோள் (படி மாறும் இடம்) நீளத்தில் 0.5 மி.மீ. விடுங்கள். திருப்பி, மரைப் பக்கத்தை 17 வரை எடுங்கள். 32-லிருந்து 17-க்கு வர, தடவைக்கு விட்டத்தில் 3 மி.மீ. என்றால் ஐந்து கட்.

சீவலின் நிறத்தைக் கவனியுங்கள். எச்.எஸ்.எஸ். டூலில் வெள்ளி நிறமோ வெளிர் மஞ்சளோ சரி. நீலமாக வந்தால் சூடு அதிகம், வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது டூலை மறுபடி தீட்ட வேண்டும். நீண்ட சுருள் ஜாபைச் சுற்றிக்கொண்டால் ஃபீட்டை ஒரு படி கூட்டுங்கள், சீவல் தடித்து ஒடியும்.

ரஃப் முடிந்ததும் துண்டை ஆற விடுங்கள். 20 மி.மீ. விட்டம் 50 டிகிரி சூடேறினால் சுமார் 0.012 மி.மீ. பெருக்கும். சூட்டில் சரியாக அளந்த விட்டம் ஆறியதும் குறைந்து நிற்கும். 0.05 அனுமதியில் ஏறக்குறைய கால்பங்கை வெப்பமே தின்றுவிடுகிறது.

9. கடைசி ஒரு மில்லிமீட்டர் (வேலை 50)

இந்த வேலையிலேயே மெதுவாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

டூல் மூக்கைக் கல்லில் தேய்த்துப் புதுப்பியுங்கள். ஃபீட் 0.1. 20 மி.மீ. விட்டத்துக்கு வேகத்தைச் சற்றுக் கூட்டி நிமிடத்துக்கு 30–35 மீட்டர் வரை போகலாம், கூலன்ட் நிற்காமல் ஓடட்டும். வேகம் குறைவாக இருந்தால் மைல்ட் ஸ்டீல் டூல் நுனியில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, பரப்பைச் செதில் செதிலாக்கும்.

முதலில் 30 விட்டத்தை முடியுங்கள். பிறகு 20. முதல் கட்-ஐ 20.5 அளவுக்கு எடுத்து, நிறுத்தி, துடைத்து, மைக்ரோமீட்டரால் அளங்கள். 20.52 வந்தது என்று வையுங்கள். இலக்கு 19.98. மிச்சம் 0.54. இதை ஒரே தடவையாக எடுக்காதீர்கள், இரண்டு சம பாகமாக்குங்கள்: 0.27, 0.27.

முதல் 0.27 எடுத்ததும் 20.25 வர வேண்டும். அளந்தால் 20.28 வருகிறது. டூலும் ஜாபும் சிறிது வளைந்துகொடுத்ததால் வந்த 0.03 அது. இப்போது டயல் என்ன சொல்கிறது என்பதை மறந்துவிட்டு, மைக்ரோமீட்டர் சொன்ன 20.28-லிருந்து மிச்சத்தைக் கணக்கிடுங்கள்: 0.30. அதை வையுங்கள். ஆழம் முந்தையதைப் போலவே இருப்பதால் வளைவும் ஏறக்குறைய அதேயளவு இருக்கும், அளவு 19.98-இல் வந்து நிற்கும்.

பயந்து பயந்து 0.03, 0.02 என்று சுரண்டுவது பொதுவான தவறு. அவ்வளவு மெல்லிய சீவலை எச்.எஸ்.எஸ். மூக்கால் வெட்ட முடியாது. இரண்டு தடவை உரசிவிட்டு மூன்றாவது தடவையில் திடீரென்று மூன்றுக்கும் சேர்த்து வெட்டும். அளவு கைவிட்டுப் போவது அப்போதுதான்.

தோளைச் சதுரமாக்கி, ஓரத்தில் 1 மி.மீ. × 45 டிகிரி சேம்பர் எடுத்து, பிசிரை அரத்தால் தட்டுங்கள்.

10. அண்டர்கட்டும் மரையும் (வேலை 60)

20 விட்டத்தின் மேல் செம்புத் தகட்டைச் சுற்றிக் கேரியரை இறுக்குங்கள். மரைப் பகுதியை 15.8 வரை கடையுங்கள், 16.0 அல்ல. வெட்டும்போது மரையின் முகடு சிறிது பிதுங்கும். 0.2 குறைத்திருப்பதால் நட்டு சிக்காது, 15.8 அனுமதிக்குள்தான் இருக்கிறது.

அண்டர்கட்டை மரைக்கு முன் வெட்ட வேண்டும், ஏனென்றால் மரை டூல் ஓய்வெடுக்கும் இடம் அதுதான். வேகத்தைப் பாதியாக்குங்கள். பள்ளம் டூலின் முழு அகலமும் வெட்டுவதால் விசை அதிகம். 3 மி.மீ. டூலால் இரண்டு இறக்கமாக 4 மி.மீ. எடுக்கலாம். டூல் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் பக்கம் உரசிச் சிக்கி உடையும்.

முனையில் 1.5 மி.மீ. சேம்பர். பிறகு 60 டிகிரி டூலை மரை கேஜால் ஜாபுக்கு நேராக வையுங்கள். வேகம் 60 ஆர்.பி.எம். போதும். லீடு ஸ்க்ரூவின் (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகு) பிட்ச் 6 மி.மீ. என்றால் கியர் விகிதம் 2:6, உதாரணமாக 40 பல் ஓட்ட, 120 பல் ஓடும். 6-ஐ 2 மீதியின்றி வகுப்பதால் ஹாஃப் நட்டை (லீடு ஸ்க்ரூவைக் கவ்வும் பிளவு நட்டு) எந்த இடத்தில் போட்டாலும் டூல் அதே பள்ளத்தில் விழும். வகுபடாத பிட்சில் அப்படியில்லை. அங்கே ஹாஃப் நட்டைத் திறக்காமல் மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும்.

முதல் தடவை வெறும் கீறல், 0.05-க்கும் குறைவாக. நிறுத்தி ஸ்கேலை வையுங்கள். பத்து இடைவெளி 20 மி.மீ. இருக்க வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையால் தவறான கியரில் மரை வெட்டுவது தவிர்க்கப்படும்.

மரையின் ஆழம் பிட்சைப் போல 0.613 மடங்கு, அதாவது 1.23 மி.மீ. அது 16.0-லிருந்து. நாம் 15.8-இல் தொடங்குவதால் பரப்பிலிருந்து 1.13. தொட்ட இடத்தைப் பூஜ்யமாக வைத்து, அந்தக் கீறலையும் கணக்கில் சேர்த்து, டூல் தூரக் கணக்கில் இப்படி இறங்குங்கள்: 0.25, 0.20, 0.17, 0.14, 0.12, 0.10, 0.07, 0.05, 0.03. ஆழம் கூடக் கூட டூல் வெட்டும் அகலம் கூடுகிறது, அதனால்தான் இறக்கம் சிறுத்துக்கொண்டே போகிறது. சமமாக இறக்கினால் கடைசிக் கட்டுகளில் டூல் மூக்கு போய்விடும்.

கடைசியில் ஆழம் கூட்டாமல் ஒரு தடவை ஓட்டி, துடைத்து, நட்டைப் போட்டுப் பாருங்கள். ஜாபைச் சென்டரிலிருந்து எடுத்தால் கேரியரைத் தளர்த்தாமல், அதன் வால் அதே தாடையில் வரும்படி மாட்டுங்கள். வேறு தாடையில் மாட்டினால் டூல் பள்ளத்தில் விழாது, முகட்டைச் சீவும். நட்டு இறுக்கமென்றால் 0.02 ஆக இறக்குங்கள். மூக்கு மிகக் கூராக இருந்தால் 1.13-ஐச் சற்றுத் தாண்ட வேண்டியிருக்கும்.

11. ஆய்வும் தவறுகளைத் திரும்பிப் பார்ப்பதும் (வேலை 70)

துண்டை மறுபடி சென்டர்களில் வைத்து, டயல் கேஜை ஒவ்வொரு படியின் மேலும் தொட்டுச் சுற்றுங்கள். 0.02-க்குள் இருந்தால் நல்ல வேலை. அதிகமென்றால் சென்டர் குழியில் சீவல் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான்.

பிறகு ப்ராசஸ் ஷீட்டை (முன்பு எழுதிய வேலை வரிசைத் தாள்) எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணை எழுதுங்கள். பரப்பில் அலை அலையான வரி இருந்தால் அதிர்வு: டூல் நீட்டலைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஃபீட்டைக் கூட்டுங்கள். ஃபீட்டைக் கூட்டச் சொல்வது தலைகீழாகத் தோன்றும், ஆனால் மிகக் குறைந்த ஃபீட்டில் டூல் வெட்டாமல் துள்ளுகிறது. விட்டம் ஓரிடத்தில் மட்டும் குறைந்திருந்தால் அங்கே கட்-ஐ நடுவில் நிறுத்தியிருப்பீர்கள். நீளம் தவறியிருந்தால் பெரும்பாலும் கேரேஜ் பூட்டப்படவில்லை.

இரண்டாவது துண்டை அதே தாளில் திருத்திய எண்களோடு செய்யுங்கள். மூன்றாவதை, எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு செய்யுங்கள். கட் விழும் நேரம் எவ்வளவு, பிடிப்பதும் அளப்பதும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், வெட்டும் நேரம் சிறுபகுதிதான் என்று தெரியும்.

12. இதே தண்டு ஆயிரம் வேண்டுமென்றால்?

எடைக் கணக்கைப் போடுங்கள். 32 × 106 துண்டின் எடை சுமார் 669 கிராம். முடிந்த தண்டு சுமார் 335 கிராம். பாதி உலோகம் சீவல் தட்டில் கிடக்கிறது. ஒரு துண்டுக்கு இது பெரிதில்லை. ஆயிரத்துக்கு 334 கிலோ.

அடுத்து வார்ப்பையும் ஃபோர்ஜிங்கையும் (உலோகத்தை அழுத்தி அல்லது அடித்து வடிவமாக்குதல்) மரை உருட்டலையும் படிக்கும்போது இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஜிங்கில் படிகள் ஏறக்குறைய வடிவத்துக்கே வந்துவிடும், ஆனால் டை (அச்சு) செய்ய வேண்டும். அந்தச் செலவு எத்தனை துண்டுகளில் கரையும் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். மரை உருட்டலில் சீவலே கிடையாது. உலோகம் பள்ளத்திலிருந்து முகட்டுக்கு நகர்கிறது. ஆகவே எம்16 மரையை உருட்ட 15.8 அல்ல, மரையின் பிட்ச் விட்டமான 14.7 மி.மீ.க்கு அருகில் தொடங்க வேண்டும்.

ப்ராசஸ் ஷீட்டின் புதுத் தாளில் அதே தண்டை இந்த முறைகளுக்கு ஏற்ப மறுபடி வரிசைப்படுத்திப் பாருங்கள். சென்டர் குழி எங்கே வரும், எந்தப் பரப்பை மட்டும் கடைந்தால் போதும், உருட்டல் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று துண்டுகளைக் கையால் செய்தவருக்கு இந்தத் தாள் ஒரு மாலைப்பொழுது வேலை.